சாவி மாப்பிள்ளைகிட்ட, பேக்கப் நம்மகிட்ட

முடிச்சூர்

அன்புள்ள வாயாடிக்கு,

ஊர் வம்பு ஏதாவது உண்டான்னு கேட்டிருந்தே. இருக்குடி, தாராளமா இருக்கு. எங்க நகர் நலச் சங்கச் செயலாளருக்கும் அவர் மாப்பிள்ளைக்கும் பேச்சே இல்லை. வளைகாப்புல ஆரம்பிச்ச சண்டையாம். அவங்க வீட்டு விவகாரம்னு விட்டுடலாம். ஆனா மெம்பர் பட்டியல், சந்தா, தண்ணி லாரி பாக்கி எல்லாம் இருக்கிற டேட்டாபேஸோட அட்மின் பாஸ்வேர்டு அந்த மாப்பிள்ளைகிட்டதான் இருக்கு. போனையே எடுக்க மாட்டேங்கிறார்!

அந்த டேட்டாபேஸ் இருக்கிறது ஒரு வெளியூர் வாடகை சர்வர்ல. எதுக்குடி வெளியூர் சர்வர்னு கேப்பே. 2015 டிசம்பர் மறந்துட்டியா? தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. மழை. அடையாறு வரதராஜபுரம், முடிச்சூர்னு வீடு வீடா நுழைஞ்சது. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஆளுங்க போக முடியாம, டிசம்பர் 2 அன்னிக்கு சென்னையில ‘தி இந்து’ ஆங்கிலப் பேப்பரே வரலை. தரைத்தளத்துல இருந்த சங்கத்துக் கம்ப்யூட்டர் எம்மாத்திரம்? அப்புறம்தான் வாடகை சர்வருக்குப் போனாங்க.

இப்ப பொருளாளர் அம்மா கமிட்டியில தீர்மானம் போட்டு, டேட்டாவை நகல் எடுக்க என்னைக் கூப்பிட்டாங்க. எனக்கு இருந்தது என்ட்ரி போடறதுக்கான சாதாரண யூசர் ஐடி. சர்வர் டிஸ்க்கைத் தொட முடியாது. ஆனா டேபிளைப் படிக்க அனுமதி இருந்தாலே அதுல உள்ளதை வெளியே எடுத்துடலாம்டி. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை ஃபைலா நகலெடுக்கிற ‘மைஎஸ்க்யூஎல்டம்ப்’ புரோகிராமை என் லேப்டாப்ல இருந்தே ஓட்டினேன். ‘ப்ராசஸ்’ அனுமதி இல்லைன்னு கதவைச் சாத்திடுச்சு. மைஎஸ்க்யூஎல் 8.0.21 பதிப்புல வந்த கெடுபிடி அது; ‘நோ-டேபிள்ஸ்பேசஸ்’னு சேர்த்ததும் வழி விட்டுது. டேபிளைப் பூட்டவும் உரிமை இல்லை. ‘சிங்கிள்-டிரான்சாக்‌ஷன்’ போட்டா, இன்னோடிபி வகை டேபிளைப் பூட்டாமலே ஒரே நேரத்து நிலவரம் வந்துடும். மத்த யூசர்களோட விவரமும் அனுமதிகளும் மட்டும் வராது. அதெல்லாம் அட்மினுக்குத்தான்.

ஃபைல் வந்துடுச்சுன்னு பொருளாளர் அம்மா காபி கொடுத்தாங்க. நான் குடிக்கலை, முதல்ல அதை என் லேப்டாப்ல புது டேட்டாபேஸா ஏத்திப் பார்த்தேன். ஒவ்வொரு டேபிள்லயும் வரிசை எண்ணிக்கை ஒத்துப்போகுதா, தமிழ்ப் பேரெல்லாம் கேள்விக்குறியா மாறாம இருக்கான்னு சரிபார்த்தேன். ஏன் இவ்வளவு கறார்னு கேளு. 2017 ஜனவரி 31-ல கிட்லேப் கம்பெனியில ஒருத்தர் தவறுதலா நிஜ டேட்டாபேஸையே அழிச்சுட்டார். பேக்கப்பைத் தேடினா, காலி! டம்ப் எடுக்கிற புரோகிராம் பழைய பதிப்பாம், ரொம்ப நாளா தோத்துக்கிட்டே இருந்திருக்கு. எச்சரிக்கை மெயிலும் யாருக்கும் போய்ச் சேரலை. தற்செயலா எடுத்து வெச்சிருந்த ஒரு நகல்தான் காப்பாத்துச்சு. அப்பவும் ஆறு மணி நேரத்து டேட்டா போயிடுச்சு. திருப்பி ஏத்திப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்னே சொல்ல மாட்டேன்டி.

சர்வர்காரங்களே பேக்கப் எடுப்பாங்களேன்னு செயலாளர் இழுத்தார். 2021 மார்ச்சுல ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஎச்ங்கிற சர்வர் கம்பெனியோட கட்டடம் எரிஞ்சப்ப, சில பேரோட டேட்டாவும் பேக்கப்பும் சேர்ந்தே போன கதையைச் சொன்னேன். கப்சிப்! இப்ப மாசாமாசம் ஒரு நகல் என்கிட்ட, இன்னொண்ணு பொருளாளர் அம்மாவோட பொண்ணு வீட்டு மாடியில, சேலையூர்ல.

கிளைமாக்ஸைக் கேளு. டேட்டா வெளியே வந்த சேதி எப்படியோ மாப்பிள்ளை காதுக்குப் போயிருக்கு. நேத்து பொருளாளர் அம்மாவுக்கு அவரே போன் பண்ணி, “பாஸ்வேர்டு வேணுமா?”ன்னாராம். அம்மா அசரலை: “எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, மினிட்ஸ்ல சேர்த்துக்கறோம்.”

சரி, உங்க கடைக் கணக்கு யார் கையிலடி இருக்கு? விசாரிச்சு எழுது.

உன்
முடிச்சூர்க்காரி