எண்ணூர் மணல் திட்டுக்கு ரேட் கேட்டவர்

அடியேய்,

ராமேஸ்வரத்துக்கு வாக்கப்பட்டுப் போனதிலிருந்து உனக்குக் கச்சத்தீவை விட்டால் வேறு பேச்சில்லை. 285 ஏக்கர், 1974 ஒப்பந்தம், அந்தோணியார் திருவிழா... போதும்டி. நம்ம எண்ணூரிலேயே ஆள் குடியில்லாத, யாருக்குச் சொந்தமென்று வழக்குத் தீராத இடம் ஒன்று இருக்கு. போய்ப் பார்த்துட்டே வந்துட்டேன்.

கொசஸ்தலையாறு கடலில் சேருதே முகத்துவாரம், அங்கே ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஆறுமாக நீண்டு கிடக்கிற மணல் திட்டுதான். வீடு வாசல் கிடையாது, நண்டு வளைதான். நிமிர்ந்தால் துறைமுகத்துக் கிரேன், அனல்மின் நிலையப் புகைபோக்கி.

கூட வந்தது யார் தெரியுமா? என் பெரிய நாத்தனார் வீட்டுக்காரர். வெறும் தரையைக் கண்டாலே ரேட் கேட்கிற மனுஷன். இறங்கினதும், "இது யார் இடம்ப்பா, செண்ட் என்ன போகும்?" என்றார். படகுக்காரர் சிரிச்சுட்டார்: "இப்ப வாங்கிட்டு ஐப்பசி வெள்ளம் வடிஞ்சதும் வா சார். மணலு அந்தாண்ட போயிருக்கும். பட்டாவ வச்சி இன்னா பண்ணுவ?" அண்ணன் முகத்தைப் பார்க்கணுமே!

அதுக்காக ஆளில்லாத சொத்துன்னு நினைச்சுடாதே. ஆற்றில் எந்தக் குப்பம் என்றைக்கு எங்கே வலை போடலாம் என்பதற்குப் பாடு வச்சிருக்காங்க. பாடு இல்லாத நாளில் சொந்தக்காரனே ஆனாலும் வலை இறக்க முடியாது. இத்தனை கறாருக்கும் பத்திரம்னு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

காகிதம் வச்சிருக்கிறவங்க கூத்தைக் கேள். 1996-இல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடலோர வரைபடத்தில், இங்கே ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் ஓதநீர் ஏறி இறங்குகிற இடம், அதில் எதுவும் கட்டக்கூடாதுன்னு இருக்கு. 2017-இல் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்னொரு வரைபடம் வெளியே வந்தது. அதில் கழிமுகத்தையே காணோம்! ஓடுகிற தண்ணீரைக் காகிதத்திலேயே வற்ற வச்சுட்டாங்க. டி.எம். கிருஷ்ணா இந்தப் பக்கம் வந்து புறம்போக்கைப் பற்றிக் கச்சேரி மாதிரி பாடினாரே, அதுவும் அதே வருஷம்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து ஆற்றை மூடினப்போ, குப்பத்து ஆட்களேதான் அதை வாளியில் அள்ளினாங்க. அப்போ மட்டும் ஆறு அவங்களுது போல.

உன் கச்சத்தீவுக்கு எதிராளி வேற நாடு, மேடைக்கு மேடை முழங்கலாம். இங்கே எதிராளி அந்தப் புகைபோக்கி வச்ச நம்ம மின்வாரியம், அந்தக் கிரேன் வச்ச நம்ம துறைமுகம். எவன்டி மைக்கைப் பிடிப்பான்?

கரையேறின பிறகும் அண்ணன் விடவில்லை, "சர்வே நம்பராவது தெரியுமா?" என்று படகுக்காரரைத் துளைச்சுட்டார். நாத்தனார் காதில் போட்டுடாதே. போன வருஷம் மழையில் பொன்னேரிப் பக்கம் அவர் வாங்கின மனை ஏரியாக மாறின கதையே இன்னும் வீட்டில் அடங்கவில்லை. அது தனிக் கூத்து, அடுத்த கடிதத்தில் எழுதறேன்.

உன்
ராயபுரத்துக்காரி