படம் எடுத்தவர் எங்கே நின்றார்?

பழைய மதுரைப் படம் ஒன்று கைக்கு வந்தால், ‘இது என்ன கட்டடம்?’ என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நான் முதலில் தேடுவது படம் எடுத்தவர் நின்ற இடத்தை. அது தெரிந்துவிட்டால் கட்டடமும் ஆண்டும் பருவமும் ஒவ்வொன்றாகப் பிடிபடும். நூலக மேசைக்கும் தெருவுக்குமாகப் பல ஆண்டுகள் நடந்து நான் கற்றுக்கொண்ட தொழில் இவ்வளவுதான்: படத்தைக் காகிதத்தோடு ஒப்பிட வேண்டும், பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும்.

இடம் கண்டுபிடிக்க மதுரையில் மலைகள் கைகொடுக்கும். ஊர் சமவெளிதான், ஆனால் வடகிழக்கே யானைமலை, தென்மேற்கே திருப்பரங்குன்றம், மேற்கே நாகமலை என்று தொடுவானத்தில் அடையாளங்கள் நிற்கின்றன. தெரு மாறும், மாடி உயரும். மலையின் முதுகுக்கோடு அப்படியே இருக்கும். படத்தில் ஒரு கோபுரத்துக்குப் பின்னால் யானைமலை தெரிகிறது என்றால், வரைபடத்தில் மலையையும் கோபுரத்தையும் இணைத்து ஒரு கோடு இழுத்து நீட்டுவேன். கேமரா அந்தக் கோட்டில்தான் எங்கோ நின்றிருக்க வேண்டும். இதே போல இன்னொரு ஜோடி கிடைத்தால் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே நாம் தேடும் இடம்.

நிழலும் பேசும். சித்திரை தொடங்கி ஆவணி முற்பகுதி வரை மதுரையில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. உச்சிப் பொழுதின் குட்டை நிழல் வடக்கே விழுந்தால் அது சித்திரை வெயில் அல்ல என்று சொல்லிவிடலாம்.

ஆண்டைக் கணிக்க, முன் எல்லை ஒன்றும் பின் எல்லை ஒன்றும் வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலின் வடக்குக் கோபுரம் வெகுகாலம் மேல்நிலைகள் இல்லாமல் மொட்டையாகவே நின்றது. நகரத்தார் திருப்பணியால் முழுமை பெற்றது 1878ஆம் ஆண்டு வாக்கில். ரயில் மதுரைக்கு வந்தது 1875இல். வைகைமேல் ஆல்பர்ட் விக்டர் பாலம் எழுந்தது 1889இல். மொட்டைக் கோபுரம் தெரியும் படமும் பாலம் தெரியும் படமும் வேறு வேறு காலத்தவை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டுத் தெருப்படம் என்றால் சுவரொட்டியைப் பார்ப்பேன். தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்தது. அந்த அரங்கு படத்தில் இருந்தால் முன் எல்லை கிடைத்துவிடும்; சுவரில் ஒட்டிய சினிமா எது என்று படிக்க முடிந்தால், பழைய செய்தித்தாள் விளம்பரத்தைக் கொண்டு வாரக் கணக்குக்கே வந்துவிடலாம்.

மதுரையைக் கேமராவால் விரிவாகப் பதிவு செய்த முன்னோடி லின்னேயஸ் ட்ரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான இந்த ராணுவ அதிகாரி 1858இன் தொடக்கத்தில் இங்கே வந்தார். கோயில், புது மண்டபம், தெப்பக்குளம், நாயக்கர் மகால், வைகைத் தரைப்பாலம், யானைமலை எல்லாம் அவர் படங்களில் உண்டு. கண்ணாடிக்குப் பதில் மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ் அவருடையது; நம் வெயிலைத் தாங்கும், ஆனால் ஒளி வாங்க நிமிடக் கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் நடந்து போனவர்கள் படத்தில் பதிய மாட்டார்கள். ஆள் நடமாட்டத்துக்கே பேர்போன ஊர் அவர் படங்களில் வெறிச்சோடிக் கிடப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். ‘அப்போது மதுரை எவ்வளவு அமைதியாக இருந்தது’ என்று இந்தப் படங்களைக் காட்டிப் பெருமூச்சு விடுகிறவர்கள், கேமராவின் குறையை ஊரின் குணமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

காகிதம் இல்லாமல் படம் முழுதாகப் பேசாது என்பதற்கு மகாலே சான்று. 1792இல் வந்த டேனியல் ஓவியர்களும் ட்ரைப்பும் நமக்குக் காட்டுவது சிதைந்துகொண்டிருந்த அரண்மனையை. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் மண்டபமோ பளபளக்கிறது. இடையில் நடந்ததை ஆவணங்கள் சொல்கின்றன: 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு செய்வித்த சீரமைப்பு. அதன்பின் நீண்ட காலம் நீதிமன்றம் அங்கேதான் நடந்தது. சுற்றுலா வருகிறவர் ‘திருமலை நாயக்கர் கட்டினார்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் பார்ப்பதில் ஒரு பங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கைவேலை.

கோட்டையின் கதை நேர்மாறானது. அங்கே காகிதம் உண்டு, படம் இல்லை. 1839இல் பாரிசில் டாகரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடிப்பித்தார். சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கே அந்த நிலம் என்று அவர் அறிவித்ததாக நூல்கள் பதிந்திருக்கின்றன. கேமரா வந்தபோது சுவர் இல்லை. நெல்சனின் 1868ஆம் ஆண்டு மதுரை மேனுவலையும் பிரான்சிஸின் 1906ஆம் ஆண்டு கெஜட்டியரையும் வைத்துக்கொண்டு, மீதியைத் தெருவில்தான் படிக்க வேண்டும். இடிப்பு வேலையை முன்னின்று நடத்தியவர்களின் பெயர்கள் மாரட் வீதியிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் இருக்கின்றன. கோட்டை இருந்த எல்லையை வெளி வீதிகள் சொல்கின்றன. மேற்குப் பக்கம், பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே, கோட்டையின் ஒரு துண்டு மிச்சம் நிற்கிறது. பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குத்தூண் இன்று ஒரு வட்டாரத்துக்கே பெயர்.

ஆகவே படம், காகிதம் இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது நூலகம் தெருதான். தமுக்கத்தில் காந்தி அருங்காட்சியக நூலகம், 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கத்தின் நூலகம், சென்னையில் எழும்பூர் ஆவணக் காப்பகம், ரோஜா முத்தையா நூலகம் என்று எங்கே படித்தாலும், பெரிதாக்கிய நகலோடு ஒருமுறை டீக்கடைக்குப் போய்விட வேண்டும். “இந்தத் திண்ணை இப்பவும் அந்தக் கடைக்குப் பின்னாடி இருக்குப்பா” என்று ஒரு பெரியவர் சொல்லும் வாக்கியம் எந்த கெஜட்டியரிலும் இராது. அதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. போய்ப் பார்த்த பிறகுதான் குறித்துக்கொள்ள வேண்டும்.

அரசும் வெள்ளைக்காரரும் எடுத்த படங்களில் கோயிலும் மகாலும் நிறைய உண்டு. பூக்கட்டும் பெண்களும் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பும் அரிது. அந்தக் குறையைத் தீர்க்கும் படங்கள் நம் வீட்டு ஆல்பங்களிலும் மூடிக்கொண்டிருக்கும் ஸ்டுடியோக்களின் நெகட்டிவ் பெட்டிகளிலும் இருக்கின்றன. கல்யாணப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் தெரியும் தெரு பிற்காலத்துக்கு ஆவணம். மேலூர்ப் பக்கம் கல்குவாரிகள் தின்ற பாறைகள் எப்படி இருந்தன என்று அறிய, அவற்றின்முன் நின்று யாரோ எடுத்துக்கொண்ட குடும்பப் படம்தான் ஒருவேளை துணை செய்யும்.

ஆகவே உங்கள் வீட்டுப் படங்களை லேமினேட் செய்யாதீர்கள். ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பத்தில் வைக்காதீர்கள். பின்புறம் மெதுவாகப் பென்சிலால் யார், எந்தத் தெரு, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் ‘அத்தை கல்யாணத்துக்கு முன்’ என்றாவது எழுதுங்கள். அதுவும் ஓர் எல்லைதான். படத்தையும் எழுதியதையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு இதைச் செய்துவிடுங்கள்.