பச்சை வேம்பு

மரக்கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி. "பச்சை மரமுங்க. எப்ப வேலை ஆரம்பிக்கறீங்க?"

"ரெண்டு மூணு மாசம் ஆகுமுங்க" என்றேன். பொய். பலகைகள் ஆட்டோவில் ஏறும்போதே, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றுதான் மனசு கணக்குப் போட்டது.

வடவள்ளி வீட்டு வாசலுக்கு ஒரு பெஞ்சு வேண்டியிருந்தது. கடையில் செய்து வைத்திருந்ததன் விலையைக் கேட்டதும், நாமே செய்தால் என்ன என்று ரோஷம் வந்தது. நீளத்தை அடியிலும், அகலம், கனம் இரண்டையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. ஆறடி நீளம், ஆறங்குல அகலம், ஒன்றரை அங்குல கனத்தில் மூன்று பலகைக்கு ஒரு கன அடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. காய்ந்த வேம்பைவிடப் பச்சை வேம்பு மலிவு. அதை எடுத்தேன்.

அது மாசி மாதம். ஒரே நாளில் பெஞ்சு நின்றது. பெவிக்கால், ஸ்க்ரூ, உப்புத்தாள், மேலே ஒரு பூச்சு வார்னிஷ். பொள்ளாச்சியிலிருந்து வந்த மாமனார் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பரவால்லீங்க மாப்பிள்ளை" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் தெருவில் நிமிர்ந்து நடந்தேன்.

சித்திரை வெயில் வந்தது. பெஞ்சில் சிந்திய காபி கீழே வழியாமல் பலகை நடுவில் போய்த் தேங்கியது. மூன்று பலகையும் தட்டுபோல் குழிந்திருந்தன. இடையில் விரல் நுழையும் சந்து. மரம் சுருங்கியதில் ஸ்க்ரூ பிடி விட்டு, கால்கள் ஆடின. ஈர மரத்தில் பசை ஏற்கெனவே சரியாகப் பிடித்திருக்கவில்லை.

"கடையில ஏமாத்திட்டாங்க" என்று மாமனாரிடம் சொன்னேன். எதிர்வீட்டில் சொன்னேன். ஆபீஸில் சொன்னேன். கேட்டவர்களுக்குக் கடை எந்த முக்கில் இருக்கிறது என்றுகூட அடையாளம் சொன்னேன்.

மகளை கௌலி பிரவுன் சாலையில் உள்ள காஸ் வன அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனது அதற்குப் பிறகுதான். 1902-இல் திறந்தது. கோவைக்காரர்களில் பாதிப் பேர் வாசலோடு கடந்துபோகிற இடம். அங்கே மரங்களின் குறுக்குவெட்டுகளுக்கு முன்னால் நின்றபோது பெஞ்சு ஞாபகம் வந்தது. காயும்போது மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. வளையத்தின் போக்கில், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் பலகையின் பட்டைப் பக்கம் குழியும். நான் மூன்றையும் பட்டைப் பக்கம் மேலாக வைத்து முடுக்கியிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது!

அடுத்த பலகைகளை நிழலில் அடுக்கினேன். நடுநடுவே காற்றுப் போக ரீப்பர் துண்டு, மேலே பாரத்துக்கு ஹாலோபிளாக் கல், வெடிக்காமலிருக்க முனைகளில் பழைய பெயின்ட். வாரம் ஒருமுறை ஒரே பலகையைத் தராசில் நிறுத்து, காலண்டரில் எழுதினேன். எடை குறைவது நின்றால், காற்றில் காய வேண்டிய மட்டும் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இதற்கு ஒரு கருவியும் வாங்க வேண்டியதில்லை.

காத்திருக்க முடியாதவர்களுக்கு, இயந்திரம் வந்த பெட்டிகளைப் பிரித்த பேக்கிங் பலகை இருக்கிறது. பம்பும் மோட்டாரும் செய்கிற ஊரில் அதற்கா பஞ்சம்? முத்திரையை மட்டும் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால், பூச்சி சாக மரத்தின் உள்மையம்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது. எம்.பி. என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது; அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

இரண்டாவது பெஞ்சு நேராக நிற்கிறது. ஆனி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும்போது பலகை கொஞ்சம் உப்பும் என்பதால், ஸ்க்ரூத் துளையைப் பலகையின் அகலவாக்கில் இழுத்துவிட்டேன். முதல் பெஞ்சு பொடக்காளியில் பூந்தொட்டி சுமக்கிறது.

ரீப்பர் வாங்கப் போன அன்றைக்கே கடைக்காரர், "அந்த வேம்பு என்னாச்சுங்க?" என்று கேட்டார். மறுநாளே அறுத்ததைச் சொன்னேன். சிரித்தார். அவரைப் பற்றி ஊரெல்லாம் சொன்னதைச் சொல்ல வாய் வரவில்லை. மாமனாரிடமும் எதிர்வீட்டிலும் மட்டும் உண்மையைச் சொல்லியாயிற்று. மற்றவர்கள் இதைப் படித்தால், அந்தக் கடையில் தைரியமாக மரம் வாங்குங்கள்.