மாடியில் முப்பது பை, வரப்பில் பத்துக் கொய்யா

காளவாசல்னா செங்கல் சுடுற சூளைன்னு அர்த்தம். மதுரையில் தேனி ரோட்டுல காளவாசல்னு டிக்கெட் வாங்கி இறங்கினா இன்னைக்குச் சூளை எதுவும் கண்ணுல படாது. பாலமும் கடையும் மாடி வீடும்தான். அங்கேதான் என் அக்கா மக குடியிருக்கா. மொட்டை மாடியில் முப்பது பை வச்சு, ரெண்டு வருஷமா கத்தரியும் மிளகாயும் போட்டுப் பார்த்தா. நல்லா வளரும், பூவெடுக்கிற நேரத்துல வாடிச் செத்துரும். "இந்தத் தடவையும் வரலைன்னா பையெல்லாம் தூக்கிப் போட்டுருவேன் மாமா" என்றவள், ஒத்தக்கடையில் தோட்டக்கலைப் பயிற்சி இருக்குன்னு கேள்விப்பட்டு என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள்.

எனக்கும் அங்கே ஒரு காரியம் இருந்தது. என் கிணத்துத் தண்ணி அறுபது சென்ட்டுக்கு மேல பாயாது. வரப்பைச் சுத்திக் கொய்யா வைக்க ஆசை. ஒவ்வொரு கன்னையும் காசு கொடுத்து வாங்கினா கட்டுப்படியாகாது. பதியம் போட நானே படிச்சுக்கிட்டா அந்தச் செலவு மிச்சம்.

ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி 1965-ல தொடங்கினது. பக்கத்துல யானைமலை படுத்துக் கிடக்கும். வகுப்புக்கு வந்ததுல பாதிக்கு மேல டவுன்காரங்க. முதல் பாடமே தண்ணிதான். தென்னை நார்க்கழிவை நனைச்சு ஆளுக்கு ஒரு பிடி கையில் கொடுத்துப் பிழியச் சொன்னாங்க. மேல காய்ஞ்சு தெரிஞ்சது, பிழிஞ்சா தண்ணி சொட்டுது. மாடியில் இதுதான் நடக்குது. மேல்மண்ணைப் பார்த்துட்டுக் காலையில ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம். வேருக்குத் தண்ணி வேணும், காத்தும் வேணும். காத்து இல்லாம வேர் அழுகிட்டா அது தண்ணியை இழுக்காது, செடி வாடும். வாடுதேன்னு இன்னும் ஊத்துவோம். வயல்ல மிச்சத் தண்ணி பூமிக்குள்ள இறங்கிரும். பைக்கு அடியில இருக்கிற ஓட்டைதான் வடிகால், அது அடைச்சா பை குளம்தான். விரலை ரெண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்க, ஈரம் ஒட்டினா அன்னைக்கு ஊத்த வேண்டாம். அக்கா மக நோட்டுல இதைத்தான் ரெண்டு கோடு போட்டு எழுதினா.

உரம், விதை, குழித்தட்டு நாற்று எல்லாம் வேகமா சொல்லி முடிச்சாங்க. சித்திரை வெயில்ல கான்கிரீட் தளம் கொதிக்குமே, பையைச் செங்கல் மேல ஏத்தி வைக்கணும், நிழல்வலை கட்டணும், அதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம்னு எனக்குப் பட்டது.

மத்தியானம் விண்பதியம். பென்சில் கனத்துக் கொய்யாக் கிளையில ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமா உரிக்கணும். உரிச்ச இடத்துல வழவழன்னு இருக்கிறதைக் கத்தியால சுரண்டி எடுக்கணும். அதை விட்டுட்டா பட்டை மறுபடியும் கூடிரும், வேர் வராது. ஈர நார்க்கழிவை வச்சு, பாலித்தீன் தாளைச் சுத்தி, ரெண்டு முனையையும் இறுக்கிக் கட்டணும். இலை செஞ்ச சாப்பாடு கீழே இறங்க வழியில்லாம அந்த இடத்துலயே தேங்கும், அதுதான் வேரா வெளிய வரும்னு விளக்கினாங்க. எங்க ஊர்ல மல்லிகைக் கொடியை மண்ணுல அமுக்கிப் பதியம் போடுறதைப் பார்த்திருக்கேன். இது அந்தரத்துல நடக்கிற அதே வேலை.

ஐப்பசி மழை ஈரத்துல வீட்டுக் கொய்யாவுல பதினாலு கிளை கட்டினேன். ஒன்றரை மாசம் கழிச்சுப் பாலித்தீன் வழியா வெள்ளை வேர் தெரிஞ்சது பத்துல. வெட்டி எடுத்து நிழல்ல தேத்தி, வரப்புல நட்டு, ஆட்டுக்கு முள் அடைச்சிருக்கேன்.

போன வாரம் அக்கா மக போன்ல, "மாமா, மிளகாய் பூத்திருக்கு, ஆனா இலை சுருளுது."

"மேல் பார்த்துச் சுருளுதா, கீழ் பார்த்தா?"

"கீழ் பார்த்து."

மேல சுருண்டா இலைப்பேன், கீழ சுருண்டா சிலந்திப்பேன். "அப்ப சிலந்திப்பேன்தான் தாயி. நனையும் கந்தகம் வாங்கு, வெயில் நேரத்துல மட்டும் அடிக்காதே"ன்னு சொல்லியிருக்கேன்.