சொல் தெரியாமல் பட்ட பாடு

என் படிப்பறையிலிருந்து வீட்டு மண்டபம் இருபத்தைந்து அடி தூரத்தில் உள்ளது. அந்தத் தூரத்தை ஒரு கலியாணப் படம் கடப்பதற்கு மூன்று கிழமைகள் சென்றன என்றால் வாசகர்கள் நகைப்பர். ஆயினும் நடந்தது அதுவே.

2003ஆம் ஆண்டிலே என் தமக்கையாரின் திருமணத்தைச் சிறிய நாடாவொன்றிற் படம் பிடித்திருந்தார்கள். அதில் ஓரிடத்தில் எங்கள் தந்தையார் பந்தலுக்குள் வந்து, “எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகவேணும்” என்று கையெடுத்துச் சொல்கின்றார். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் சென்றுவிட்டன. அவருடைய குரல் பதிந்திருப்பது அந்த ஓரிடத்தில் மட்டுமே. நாடா பழுதாகுமுன் அதனைக் கணினியில் ஏற்றி வைத்தேன். எண்பது வயதைக் கடந்த தாயாராற் கணினியின் முன் குந்தியிருக்க இயலாது. “பெரிய பெட்டியிலை ஒருக்காப் போட்டுக் காட்டு, தம்பி” என்று கேட்டார்.

கணினியிலுள்ள படம் முழுவதையும் முதலிற் பிரதி செய்யாமல், வரவர ஓடவிடுவதையே ‘ஸ்ட்ரீமிங்’ என்கின்றனர். வாய்க்காலில் நீர் வர வரப் பாத்தி நனைவது போன்றது அது. நானும் அவ்வாறே செய்தேன். படம் அரை நிமிடம் ஓடும், நிற்கும், வட்டமொன்று சுழலும். தந்தையார் வருமிடத்தை ஒருநாளும் எட்டவில்லை. “இன்னும் வரேல்லையோ?” என்று தாயார் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலை குனிந்தது. பட்டணத்திலே ஒரு கடைக்காரரிடம் முறையிட்டேன். “இன்ரநெற் வேகம் காணாது, மாஸ்டர், கூடின பக்கேஜுக்கு மாறுங்கோ” என்றார். மாறினேன். மாதக் கட்டணம் ஏறிற்று. படம் முன்போலவே நின்றது.

உயர்தர வகுப்பு மாணவனொருவன் இதைக் கேட்டு, “சேர், அந்தப் படம் கொழும்புக்குப் போயோ வருகுது?” என்றான். வீட்டுக்கு வந்து, ரௌட்டருக்கு வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கழற்றிவிட்டான். இன்ரநெற் அற்றுப்போயிற்று, படமோ ஓடிற்று! முன்போலவே அரை நிமிடத்தில் நிற்கவும் செய்தது.

பட்டதாரியாகிய எனக்கு அன்றுதான் முதற்பாடம் விளங்கிற்று. வீட்டு வலையமைப்பு வேறு, இன்ரநெற் வேறு. வளவிற் பிடுங்கிய கத்தரிக்காய் அடுப்படிக்குப் போவதற்குக் கண்டி வீதியைத் தொடவேண்டியதில்லை. கடைக்காரர் எனக்கு விற்றது வீதியின் அகலத்தை; என் தடையோ வளவுக்குள் இருந்தது.

மற்றைச் சொற்களையும் அவனே சொல்லித் தந்தான். படத்தை வைத்திருந்து கொடுக்கும் கணினி ‘சேர்வர்’. வாங்கிக் காட்டும் தொலைக்காட்சி ‘பிளேயர்’. இவ்விரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் பொருள்களாயினும் ஒன்றையொன்று இனங்காண உதவும் பொது ஒழுங்குக்கு ‘டி.எல்.என்.ஏ.’ என்று பெயர். 2003இல் தொடங்கிய அதன் சங்கம் 2017இற் கலைந்துவிட்டது. ஒழுங்கு மாத்திரம் இன்றும் பல பெட்டிகளில் உயிருடன் இருக்கின்றது.

இனி, என்னை மயக்கிய சொல் ‘கோடெக்’. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் ஏ.வி.ஐ., எம்.பி.4 என்பவற்றைப் படத்தின் இனம் என்றே எண்ணியிருந்தேன். அவை போத்தல்கள் மட்டுமே. உள்ளே இருப்பது நல்லெண்ணெயா மண்ணெண்ணெயா என்பதைச் சொல்வதே கோடெக்; அஃதாவது, ஒலியையும் ஒளியையும் எண்களாகச் சுருக்கி மீண்டும் விரிக்கும் முறை. அக்காலத்து நாடாவின் முறைக்கு ‘டி.வி.’ என்று பெயர். தொலைக்காட்சி என மயங்கற்க; டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம் அது. அம்முறையை எங்கள் புதிய தொலைக்காட்சி அறியாது. ஆதலால் என் பழைய கணினி ஒவ்வொரு கணமும் படத்தைப் பெட்டி அறிந்த வேறொரு முறைக்கு மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. இதற்கு ‘டிரான்ஸ்கோடிங்’ என்று பெயர். புராணபடனத்திலே ஒருவர் செய்யுளைப் படிக்க மற்றவர் பயன் சொல்வாரல்லவா? பயன் சொல்பவர் திணறினாற் சபை காத்திருக்க வேண்டியதே. கணினியைத் திறந்து பார்த்தோம். அதன் மூளை நூற்றுக்கு நூறு வீதம் உழைத்துக் களைத்திருந்தது.

அது மட்டுமன்று. ‘பிட் ரேற்’ என்பது ஒரு விநாடிக்கு எத்தனை பிட் செல்லவேண்டும் என்னும் கணக்கு. அந்நாடாவிற்கு, படத்துக்கு மட்டும், விநாடிக்கு 25 மெகாபிட். ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 13 கிகாபைட் இடம் பிடிக்கும். (மாணவர்கள் கவனிக்க: எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். இணைப்பின் வேகம் பிட்டிலும் கோப்பின் அளவு பைட்டிலும் கூறப்படுவதால் ஏமாறுவோர் பலர்.)

நின்று நின்று ஓடியதற்கு ‘பஃபர்’ வற்றிப்போனதே அடையாளம். சில விநாடிப் படத்தை முன்கூட்டியே சேமித்து வைக்கும் தொட்டி அது. தொண்ணூறுகளில் மின்சாரமில்லாத நாள்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலி கேட்டதை நாற்பது வயது தாண்டியோர் மறந்திரார். தந்தையார் செய்தி கேட்பார். சுழற்றுவது என் பணி. கை ஓய்ந்தாற் செய்தியும் ஓயும். அதற்குப் பஃபர் இருக்கவில்லை. “சுத்தடா” என்னும் அதட்டல் மட்டுமே இருந்தது.

நோய் தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. படம் முழுவதையும் ஒரே தரமாக, ஓரிரவு முழுவதும் கணினியை ஓடவிட்டு, விநாடிக்கு 5 மெகாபிட் அளவில் ‘எச்.264’ என்னும் முறைக்கு மாற்றி வைத்தோம். 13 கிகாபைட் இரண்டேகாலளவில் வந்து நின்றது. மூல நாடாவையும் முதற்பிரதியையும் அழிக்கவில்லை. சுருக்கியதை மீண்டும் விரித்தால் இழந்தது திரும்பாது. எங்கள் வீட்டுச் சுவர்கள் பழைய சுண்ணாம்புக்கற் சுவர்கள். வைஃபை அலை அவற்றை ஊடுருவ வருந்தும். ஆதலின் கணினியிலிருந்து ரௌட்டருக்கும் அங்கிருந்து பெட்டிக்கும் கம்பி இழுத்தோம். பார்வைக்கு அழகில்லை என்று மனைவி முகஞ்சுளித்தாள், அதுவும் உண்மைதான்.

கடைசியில் ஒரு சிக்கல். தாயாருக்குக் காது மந்தமென்று புளூடூத் ஒலிபெருக்கியொன்றை அருகில் வைத்தேன். வாயசைவு முன்னும் குரல் பின்னுமாய் வந்தன. இத்தாமதத்திற்கு ‘லேற்றன்சி’ என்று பெயராம். அதையும் கம்பியில் இணைத்தபின் இரண்டும் ஒன்றாயின.

படம் நிற்காமல் ஓடிற்று. தந்தையார் பந்தலுக்குள் வந்தார், கையெடுத்தார், சொன்னார். தாயார் சற்று நேரம் பேசவில்லை.

“எல்லாரையும் சாப்பிடச் சொல்லிப்போட்டு அண்டைக்கு மனிசன் சாப்பிடேல்லை” என்றார். பின்பு, “திருப்பிப் போடு” என்றார்.