ஸ்டார்ட் ஆகாத காரும் ஒரு துண்டு வயரும்

பதிவு எழுதி நாலு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு வழக்கமான பொய்யைச் சொல்லலாம். உண்மை என்னன்னா, போன குளிர்காலத்துல நான் பொட்டி தட்டின நேரத்தை விட பானெட்டுக்குள்ள தலைய விட்டுட்டு நின்ன நேரம்தான் அதிகம். அந்தக் கதையைச் சொல்றேன். நடுவுல நான் செஞ்ச ஒரு முட்டாள்தனமும் வரும். அதுக்காகத்தான் இந்தப் பதிவே.

நம்ம கார் ஜப்பான்காரன் செஞ்சது. வயசு 14, ஓடினது ஒன்றரை லட்சம் மைல், ஆட்டோமேட்டிக் கியர். நியூஜெர்சிக்கு வந்த புதுசுல ஊருக்குத் திரும்பிப் போன ஒருத்தர்கிட்ட சல்லிசா வாங்கினது. அது வரைக்கும் ஒரு நாள் கூட மக்கர் பண்ணதில்லை.

பிப்ரவரி மாசம், ராத்திரி எட்டு மணி. பையனுக்கு காய்ச்சல்னு மருந்து வாங்கப் போன தங்கமணிகிட்ட இருந்து போன். "ஏங்க, வண்டி ஸ்டார்ட் ஆகலைங்க. சாவியத் திருப்பினா ஒரு சத்தமும் இல்ல." வெளியே மைனஸ் 8 டிகிரி. பின் சீட்ல ரெண்டு வயசுப் பையன். நான் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி அவர் வண்டியில போய்ச் சேர்றதுக்கு இருபது நிமிஷம் ஆச்சு. போய் சாவியத் திருப்புறேன், சமர்த்தா ஸ்டார்ட் ஆகுது! தங்கமணி என்னைப் பாத்த பார்வை இருக்கே...

மறுநாள் ஒரு பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். "ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சு"ன்னு சொல்லி புதுசு மாட்டி 380 டாலர் வாங்கிக்கிட்டாங்க. அஞ்சு நாள் ஒழுங்கா ஓடிச்சு. ஆறாவது நாள் காலையில மறுபடியும் சத்தமே இல்லை.

இனிமே நாமளே பாத்துடலாம்னு இறங்கினேன். என்ஜினியரிங் படிச்சிருக்கோம்ல :-) மல்ட்டிமீட்டர் வச்சுப் பாத்தா பேட்டரி 12.6 வோல்ட், குறையே இல்லை. ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியத் திருப்பினா வெளிச்சம் கொஞ்சம் கூட மங்கலை. மங்கலைன்னா ஸ்டார்ட்டர் கரண்டே இழுக்கலைன்னு அர்த்தம். ஸ்டார்ட்டர் ரிலே மேல விரலை வச்சுக்கிட்டு தங்கமணியைத் திருப்பச் சொன்னேன். 'டிக்' வரவே இல்லை. ஹாரன் ரிலே அதே சைஸ்ல இருந்துச்சு, ரெண்டையும் மாத்திப் போட்டேன். ஹாரன் அடிக்குது, வண்டி கிளம்பல. ஆக ரிலே நல்லா இருக்கு, ரிலேவுக்குக் கட்டளைதான் போகலை. அதுக்கு மேல எங்க தேடுறதுன்னு தெரியலை.

அப்பாவுக்கு வாட்ஸப்ல போட்டேன். அப்பா நாமக்கல்ல முப்பது வருஷம் லாரிக்கு வயரிங் பாத்தவர். கையில ஒரு டெஸ்ட் லேம்ப், அதுதான் அவரோட மொத்த லேபரட்டரி.

"ஆட்டோமேட்டிக் எல்லாம் நாம தொட்டதில்ல கண்ணு. ஆனா ஒண்ணு, ஸ்டார்ட் ஆகலைங்கறத விடு. வேற என்னென்ன வேலை செய்யலைன்னு பாத்தியா?"

"வேற எல்லாம் நல்லாத்தான்ப்பா இருக்கு."

"பாத்தியா, இல்ல நெனச்சுக்கிட்டியா?"

பாக்கலை. கண்ணு ஸ்டார்ட்டர்லயே இருந்துச்சு. போய்ப் பாத்தா, டேஷ்போர்டுல 'பி' எழுத்து எரியலை. ரிவர்ஸ் போட்டா 'ஆர்' எழுத்தும் இல்லை, பின்னாடி வெள்ளை லைட்டும் இல்லை. 'என்' பளிச்சுனு எரியுது. என்-ல வச்சு சாவியத் திருப்பினேன். புர்ர்ர்னு ஸ்டார்ட் ஆச்சு!

அப்பா சொன்னார்: "மூணு எடத்துல கோளாறு தெரியுதுன்னா மூணு கோளாறு இல்ல கண்ணு. மூணு வயரும் எங்க ஒண்ணு சேருதுன்னு பாரு."

அது சேர்ற இடம்தான் கியர் பொசிஷன் சுவிட்ச். நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச், இன்ஹிபிட்டர் சுவிட்ச், ரேஞ்ச் சென்சார்னு கம்பெனிக்கு ஒரு பேர். கியர் பாக்ஸ் மேல, லீவரோட கேபிள் வந்து திருப்புற தண்டுல மாட்டியிருக்கும். உள்ளங்கை அளவுதான். லீவர் பி-ல இருக்கா, ஆர்-ல இருக்கா, டி-ல இருக்கான்னு காரோட கம்ப்யூட்டருக்குச் சொல்றது இதுதான். ரிவர்ஸ் லைட்டைப் போடுறதும் இதுதான். முக்கியமா, லீவர் பி அல்லது என்-ல இருந்தா மட்டுமே ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போக விடும். நம்ம பாஷையில சொன்னா ஒரே ஒரு இஃப் கண்டிஷன்.

1996-க்கு அப்புறம் அமெரிக்காவுல வித்த கார்கள்ல ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சாக்கெட் இருக்கும். அதுல ஒரு சின்ன ரீடரைச் சொருகினேன். பி0705-ன்னு கோட் வந்துச்சு. எந்த கியர்ல இருக்கோம்ங்கற தகவல் சரியா வரலைன்னு அர்த்தம். மீட்டரை வச்சு சுவிட்சோட ஸ்டார்ட்டர் பின் ரெண்டையும் அளந்தேன். என்-ல அரை ஓம் கூட இல்லை. பி-ல 40, 300, திடீர்னு ஒண்ணுமே இல்லைன்னு எண் குதிச்சுக்கிட்டே இருந்துச்சு. மாட்டிக்கிச்சு திருடன்.

புது சுவிட்ச் 65 டாலர், வர நாலு நாள் ஆகும். அது வரைக்கும் என்-ல வச்சு ஸ்டார்ட் பண்ணியிருக்கலாம். ஆனா ரெண்டாவது நாள் என்-லயும் படுத்துடுச்சு. கூட வேலை பாக்குற நண்பர், "சுவிட்சையே தாண்டிடு பாஸ், ஒரு துண்டு வயர் போதும்"னார். எனக்கும் ரொம்ப புத்திசாலித்தனமாப் பட்டுச்சு. கனெக்டரைக் கழட்டாம, பின்பக்கமா அந்த ரெண்டு வயரையும் ஒரு துண்டு வயரால இணைச்சு டேப் சுத்திட்டேன். முதல் திருப்புலயே ஸ்டார்ட் ஆச்சு. அப்பாகிட்ட இதைச் சொல்லலை. சொன்னா என்ன சொல்வார்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கணும்.

மறுநாள் சாயங்காலம். வீட்டு டிரைவ்வேல வந்து நின்னதும் ஆபீஸ்ல இருந்து போன். பிரேக்கை மிதிச்சபடியே என்ஜினை மட்டும் நிறுத்திட்டுப் பேசினேன். லீவர் டி-லயே இருக்கு. இடம் சமதளம், காலை எடுத்தும் வண்டி நகரலை. பத்து நிமிஷம் புரொடக்ஷன் பிரச்சினையைப் பத்திப் பேசிட்டு, வண்டியை இன்னும் கொஞ்சம் முன்னாடி தள்ளி நிறுத்தலாம்னு சாவியத் திருப்பினேன்.

நம்மூர் கியர் வண்டி கியர்ல இருக்கும்போது சாவியத் திருப்பினா ஒரு குதி குதிச்சு நின்னுடும். ஆட்டோமேட்டிக் நிக்காது. நடுவுல கிளட்ச் கிடையாது, எண்ணெயால சுத்துற டார்க் கன்வெர்ட்டர்தான். என்ஜின் பாட்டுக்கு ஓடும், வண்டி பாட்டுக்கு ஊர்ந்து போகும். போச்சு.

அதே நேரத்துல கராஜ் கதவு மேல ஏறுது. அப்பா வந்தாச்சுன்னு பையன் மூணு சக்கர சைக்கிளோட வெளிய வர்றான்.

பிரேக்கை மிதிச்சுட்டேன். வண்டிக்கும் சைக்கிளுக்கும் நடுவுல ரெண்டு முழம் இருந்திருக்கும். அவன் ஹெட்லைட்டைப் பாத்துக் கைதட்டிச் சிரிச்சான். எனக்குக் கால் நடுங்கினது நிக்கவே ரொம்ப நேரம் ஆச்சு. தங்கமணிகிட்ட அன்னிக்கு ராத்திரி சொன்னேன். அவ ஒண்ணும் திட்டலை. "அந்த வயரை இப்பவே எடுத்துட்டு வாங்க"ன்னு மட்டும் சொன்னா. டார்ச் லைட்டோட போய் எடுத்துட்டு வந்தேன்.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். டிரைவ்லயோ ரிவர்ஸ்லயோ இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுத்தவே கூடாதுங்கறது அமெரிக்கக் கார் பாதுகாப்பு விதிகள்ல 102-வது விதி. 1968-ல இருந்து இருக்கு. எவனோ வேலை மெனக்கெட்டு ஒரு தப்பு நடக்காம இருக்க வச்ச பூட்டை, நான் ஒரு துண்டு வயரால உடைச்சிருக்கேன்.

மிச்ச ரெண்டு நாளும் பஸ்தான். சுவிட்ச் வந்ததும் சனிக்கிழமை உக்காந்தேன். ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, பேட்டரியோட நெகட்டிவ் வயரை முதல்ல கழட்டுறதுன்னு எல்லாம் முறைப்படி. பேட்டரியையும் அதோட தட்டையும் எடுத்தாத்தான் சுவிட்ச் கண்ணுக்கே தெரியும். கேபிளைக் கழட்டி, தண்டுல இருந்த நட்டை எடுத்து, ரெண்டு 10 எம்எம் போல்ட்டையும் கழட்டினா சுவிட்ச் கையில வந்துடுச்சு. ஆர்வக்கோளாறுல பழசைப் பிரிச்சுப் பாத்தேன். உள்ள கிரீஸ் காஞ்சு கட்டியாகி, செம்புத் தகடுல பச்சையா களிம்பு. பனிக்கு ரோட்ல கொட்டுற உப்புத் தண்ணி ஓரமா உள்ள இறங்கியிருக்கு.

புதுசை மாட்டுறதுல ஒரே ஒரு சூட்சுமம். லீவரை என்-ல வச்சு, சுவிட்ச் மேல இருக்கற கோடும் தண்டோட பள்ளமும் நேரா வர்ற மாதிரி திருப்பி, அப்புறம்தான் போல்ட்டை இறுக்கணும். நான் முதல்ல லேசா கோணலா இறுக்கிட்டேன். பி-ல ஸ்டார்ட் ஆகுது, என்-ல ஆகலை. திரும்ப லூஸ் பண்ணி, டார்ச் அடிச்சு, கோட்டை நேராக்கினேன். இப்போ ரெண்டுலயும் ஆகுது. ரிவர்ஸ் லைட்டும் எரியுது.

கடைசி டெஸ்ட் பாக்கி. ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதிச்சுக்கிட்டு, முன்னாடி பின்னாடி யாரும் இல்லைன்னு பாத்துட்டு, ஆர்-ல வச்சு சாவியத் திருப்பினேன். சத்தம் இல்லை. டி-ல வச்சுத் திருப்பினேன். சத்தம் இல்லை. கார் ஸ்டார்ட் ஆகலைன்னு நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில அன்னிக்கு ஒரு நாள்தான்.

அப்பாவுக்கு எல்லாத்தையும் சொன்னேன், வயர் மேட்டரையும் சேர்த்து. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "லாரிக்காரன் அவசரம்னு கேப்பான் கண்ணு. நானும் போட்டுக் குடுத்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் வண்டி திரும்பி வர்ற வரைக்கும் தூக்கம் வராது"ன்னார். அவ்வளவுதான்.

திங்கக்கிழமை ஆபீஸ் போனதும் ஒரு ஃபைலைத் திறந்தேன். எட்டு மாசத்துக்கு முன்னாடி, ரிலீஸுக்கு முந்தின ராத்திரி, திரும்பத் திரும்ப எர்ரர் குடுக்குதேன்னு ஒரு வேலிடேஷனை கமெண்ட் பண்ணி வச்சிருந்தேன். மேல 'தற்காலிகம்'னு எழுதி கீழ என் பேர். அதைத் திரும்பப் போட்டேன். உடனே எர்ரர். ரெண்டு நாள் உக்காந்து பாத்தா, தேதி தப்பா வர்ற ரெக்கார்டுகளை அது ஒழுங்காத்தான் தடுத்துக்கிட்டு இருந்திருக்கு. மேனேஜர், "நல்லா ஓடிக்கிட்டு இருந்ததை எதுக்கு இப்போ நோண்டுறே?"ன்னு கேட்டார். கராஜ் கதை எல்லாம் அவருக்குச் சொல்ல முடியுமா? "ஒரு வயரை எடுக்க வேண்டியிருந்துச்சு"ன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிட்டார்.

டிஸ்கி: அந்த டேப் சுத்தின வயர்த் துண்டு இப்போ என் மேஜை மேலதான் கிடக்கு. உங்ககிட்டயும் இப்படி 'தற்காலிகம்' ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்கா. திட்டணும்னு நினைக்கறவங்களும் வாங்க, இந்தத் தடவை வாங்கிக்கறேன்.