ரெண்டாவது கியர் எங்கே மாப்ளே?

மேட்டுப்பாளையம் டீக்கடை. டீயை முடிச்சிட்டு வந்து, புத்தம் புது ஹைப்ரிட் காரோட பட்டனை அமுக்கினார் மாமா. சத்தமே இல்லை.

"ஸ்டார்ட் ஆகலையே மாப்ளே?"

"'ரெடி'னு லைட் எரியுது பாருங்க. இன்ஜின் தேவைப்பட்டா தானா முழிச்சுக்கும்."

மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற ஒரே குத்தத்துக்காக, குன்னூர் வரைக்கும் நான்தான் கஸ்டமர் கேர்!

கல்லாறு தாண்டறதுக்குள்ள அடுத்த கேள்வி. "ராத்திரி சார்ஜ் போடலையே, நடுவுல நின்னுடுமா?" இந்த வண்டிக்கு பிளக்கே கிடையாது பாஸ். இன்ஜினும் பிரேக்கும்தான் பேட்டரியை நிரப்பும். 1997-ல் ஜப்பானில் வந்த டொயோட்டா ப்ரையஸ் காலத்து டெக்னிக். பிளக்-இன் ஹைப்ரிட்னா மட்டும் வீட்டுல சார்ஜ் போடலாம்.

பர்லியாறில் மங்குஸ்தான் வாங்கினோம். பையை பின்சீட்டு ஓரத்துல திணிச்சார். "அங்க வேண்டாங்க மாமா, அது பேட்டரிக்குக் காத்து போற வழி!" நிறைய ஹைப்ரிட்டில் அந்தச் சல்லடை பின்சீட்டுகிட்டதான் இருக்கும். அடைச்சா பேட்டரி சூடாகும்.

14 கொண்டை ஊசி வளைவு. ஏற ஏற மைலேஜ் சரசரன்னு இறங்குச்சு. மாமா முகமும்தான். "திரும்பறப்போ கொஞ்சம் வசூல் பண்ணிடலாங்க"னு சமாதானம் சொன்னேன்.

நிஜ பரீட்சை இறக்கத்துலதான். குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம். அங்கிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் ஒரே சறுக்கல். 'இரண்டாவது கியரில் செல்லவும்'னு ஒரு போர்டு. மாமா லீவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெண்டாவது கியர் எங்கே மாப்ளே? பேசாம நியூட்ரல்ல விடட்டுமா, பெட்ரோலாவது மிச்சம்."

அடிவயிறு கலங்கிடுச்சு. நியூட்ரலில் போட்டா வேகத்தைப் பிடிச்சு நிறுத்த இன்ஜினும் வராது, மோட்டாரும் வராது. மொத்த பாரமும் பிரேக் மேலதான். சூடேறினா பிரேக் பிடிக்காது. கீழே பள்ளத்தாக்கு.

"டி-க்குக் கீழே 'பி' இருக்கு பாருங்க, அதுல போடுங்க."

வண்டி இழுத்துப் பிடிச்ச மாதிரி நிதானமாச்சு. பேட்டரிக் கோடுகள் ஒண்ணொண்ணா ஏறி நிரம்பிடுச்சு. திடீர்னு இன்ஜின் உறுமல்! "என்னடா உடைஞ்சுது?"னு மாமா அலற, எனக்குச் சிரிப்பு. பேட்டரியில் இனி இடமில்லை. அதனால மோட்டார், பெட்ரோல் இல்லாமலே இன்ஜினைச் சுத்தவிட்டு மிச்ச வேகத்தைக் கரைக்குது. ரிப்பேர் இல்லை, அதுதான் காவல்.

கல்லாறு வந்ததும் எங்க முன்னாடி ஒரு கார் ஓரமா நின்னுச்சு. சக்கரத்துல புகை, கருகின வாடை. மாமா எதுவும் பேசலை. வீட்டுக்கு வந்ததும் கவர் பிரிக்காத மேனுவலை எடுத்து என் மடியில வெச்சார். "பூரா படிச்சுச் சொல்லு மாப்ளே."

உங்க வீட்டுலயும் புது ஹைப்ரிட் வந்திருக்கா? 'பி' சில வண்டியில வேற பேர்ல இருக்கும். மலை ஏறறதுக்கு முன்னாடியே தேடி வெச்சிடுங்க மக்கா!